தொலைபேசியிற் காத்திருப்பார்க்கு இசையளித்தல்

நம்மை நாடி அழைத்த ஒருவரைக் காக்கவைத்தல் குற்றமாமோ, காத்திருக்கும் அவரை இசையால் ஆற்றுவித்தல் குணமாமோ என்னும் வினா, பார்வைக்குச் சிறிதாயினும் ஆராயுங்காற் பெரிதாம். அன்பர் சிலர், தம் திருமடத்து அலுவலகத்திற் புதிதாக அமைக்கப்பெற்ற தொலைபேசிக்கு எவ்விசையை வைக்கலாம் என்றும், தேவாரத் திருப்பதிகமொன்றின் ஒலிப்பதிவையே வைத்தல் சிவபுண்ணியமாகாதோ என்றும் வினவியுள்ளனர். இவ்வினாவில் இரண்டு கூறுகள் உள. ஒன்று எல்லா அலுவலகங்கட்கும் பொதுவாயது. காத்திருப்பார் செவியில் அவர் வேண்டாத இசையை வார்த்தல் தகுமோ என்பது. மற்றொன்று சைவர்க்கே சிறப்பாயது. அவ்விசை திருமுறையாதல் தகுமோ என்பது. பொதுவை முன்னும் சிறப்பைப் பின்னுமாக ஆராய்வோம். அதற்குமுன் கருவியின் இயல்பை அறிந்துகோடல் இன்றியமையாதது. ஒரு பொருளின் இயல்பறியாது அதன் நன்மை தீமைகளை உரைக்கப் புகுதல் குருடர் யானை கண்ட கதையாய் முடியும்.

கருவியின் இயல்பு

வெளியிலிருந்து வரும் அழைப்புகளை அலுவலகத்தினுள் இருக்கும் பல தொலைபேசிகட்குப் பகிர்ந்தளிக்கும் பெட்டியொன்று உண்டு. அதனை அலுவலகத்தார் இ.பி.ஏ.பி.எக்ஸ். என வழங்குவர். அழைத்தவரோடு பேசிக்கொண்டிருப்பவர், ஏட்டைப் பார்த்து விடைகூறவோ மற்றொருவரிடம் இணைக்கவோ வேண்டியவிடத்து, ஹோல்டு என்னும் பொத்தானை அழுத்துவர். இணைப்பு அறுபடாது, ஆயினும் ஒருவர் குரல் மற்றவரைச் சென்றடையாது. இஃது ஒரு நிலை. விடைகூறுவார் எவரும் ஓய்வாக இல்லாதபோது, வந்த அழைப்புகளை வந்த முறையே வரிசையில் நிறுத்திவைத்தல் மற்றொரு நிலை. இவ்விரு நிலையிலும் அழைத்தவர் செவிக்கு வெறுமையே எஞ்சும். அவ்வெறுமையை நிரப்ப வைத்ததே காத்திருப்பிசை.

அதன் தோற்றம் தற்செயலாய் நிகழ்ந்தது என்பர். அமெரிக்க நாட்டில் ஆல்பிரெட் லெவி என்னும் தொழிற்சாலை உரிமையாளர், தம் தொழிற்சாலைக்குத் தொலைபேசியில் அழைத்துக் காத்திருந்தோர்க்கு இசை கேட்பதை அறிந்து காரணம் தேடினார். தளர்ந்து கிடந்த கம்பியொன்று கட்டடத்தின் இரும்பு உத்தரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தமையால், அடுத்த கட்டடத்து வானொலியின் ஒலிபரப்பு அதன்வழிப் புகுந்தது எனக் கண்டார் என்று கூறப்படுகின்றது. அவர் 1962-ஆம் ஆண்டில் விண்ணப்பித்த காப்புரிமை 1966-ஆம் ஆண்டில் வழங்கப்பெற்றது. பிற்காலப் பெட்டிகளுள் சில தம்முள்ளேயே ஒரு சிறு மெட்டைப் பொதிந்துகொண்டு வந்தன. சிலவற்றில் வெளியிலிருந்து இசைக்கருவியை இணைக்கும் துளையும் இருந்தது. இக்காலத்தில் ஆஸ்டெரிஸ்க் முதலிய கணினிவழி அமைப்புகளில், வேண்டிய ஒலிப்பதிவைத் தொலைபேசிக்கு ஏற்ற அளவாக மாற்றி உரிய இடத்தில் இட்டுவைத்தாற் போதும். அவற்றுள்ளும் இருமுறை உண்டு. காத்திருப்பார் ஒவ்வொருவர்க்கும் இசையை முதலிலிருந்து தொடங்குதல் ஒன்று. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் இசையின் இடையிலே அவரைக் கொண்டு சேர்த்தல் மற்றொன்று. பின்னதில், கேட்பார் ஒருவரும் இல்லாதபோதும் இசை ஓடிக்கொண்டேயிருக்கும். இவ்வேறுபாடு பின்னர் வரும் ஆராய்ச்சிக்கு வேண்டப்படும்.

இனித் தொலைபேசி இசைக்கென்று செய்யப்பட்டதன்று. பேச்சுக்கென்று அளந்து செய்யப்பட்டது. மனிதச் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 வரையுள்ள அதிர்வுகளை உணரவல்லது. பழைய முறைத் தொலைபேசி இணைப்போ 300 முதல் 3,400 வரையுள்ளனவற்றையே சுமக்கும். கைப்பேசி இணைப்புகளிற் சில 50 முதல் 7,000 வரை சுமக்குமாயினும், இடையே பழைய முறை இணைப்பொன்று குறுக்கிடின், ஒலி முழுவதும் அச்சிறு வாயிலுள் அடங்கியே செல்லவேண்டும். ஒரு கட்டைச் சுருதியிற் பாடும் ஆடவரின் ஆதார சட்சம் வினாடிக்கு ஏறத்தாழ 131 அதிர்வுடையது. அஃது அவ்வாயிலிற் புகாது. அதன்மேல் எழும் கிளையொலிகளைக் கொண்டு, வாராத சட்சத்தை வந்ததாகச் செவியே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். மிருதங்கத் தொப்பியின் கனத்த ஒலி மெலியும். தம்புராவின் நுண்ணிய ரீங்காரமும் தாளத்தின் கூர்மையும் மேலெல்லையில் அறுபடும். அன்றியும், ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளுட் சில, மனிதக் குரல் பிறக்கும் இயல்பையே அச்சாகக் கொண்டவை. அவற்றுள் இசை புகுமாயின், குரலல்லாததைக் குரலாக்க முயன்று சிதைத்துவிடும். இரைச்சலை அடக்கவென்று வைத்த பொறி, நீண்டு நிற்கும் நாதத்தை இரைச்சலென்றே கருதி அடக்குதலும் உண்டு. ஆதலின், வைத்தவர் அறையிற் கேட்ட இசை வேறு. காத்திருப்பார் செவியிற் சென்று விழும் இசை வேறு.

பொதுவினாவின் ஆராய்ச்சி

காத்திருப்பிசையால் விளையும் பயன் மூன்றென்னலாம். இணைப்பு அறவில்லை என்று அறிவித்தல் முதலாவது. தனித்திருக்கும் மனத்தை ஆற்றுதல் இரண்டாவது. கழிந்த காலத்தின் அளவை மறப்பித்தல் மூன்றாவது. இவற்றுள் முதலாவது வாய்மையின்பாற்படும்; இரண்டாவது இரக்கத்தின்பாற்படும். மூன்றாவதே ஆராய்ச்சிக்குரியது.

சித்தாந்த நூலோர் புறவிருளுக்கும் ஆணவ விருளுக்கும் வேறுபாடு கூறுவர். புறவிருள் பிற பொருள்களை மறைக்குமாயினும் தன்னை மறையாது. இருள் சூழ்ந்துள்ளது என்பதைக் கண்ணுடையான் அறிவான். அறிந்து விளக்குத் தேடுவான். ஆணவமோ பிறவற்றையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும். மறைப்புண்டமையை மறைப்புண்டவன் அறியான். இதனை ஒருபுடை உவமையாகக் கொண்டு காண்போம். தொலைபேசியில் வெறுமௌனம் புறவிருள் போல்வது. அஃது அலுவலகத்தை மறைக்கும். ஆயினும் ‘நான் மறைக்கின்றேன்’ என்று தன்னைக் காட்டிவிடும். அழைத்தவர் ஐயுற்று, ‘இருக்கின்றீரா’ என்று வினவி, விடை வாராதாயின் வைத்துவிட்டு வேறு வழி தேடுவர். அளவும் அறிவிப்பும் இன்றி ஓடும் இனிய இசையோ, அலுவலகத்தின் தாமதத்தையும் மறைத்துத் தான் மறைப்பது என்பதனையும் மறைத்து நிற்கும். ‘இதோ வருகின்றார், இதோ வருகின்றார்’ என்னும் உணர்ச்சியை விளைத்துக் காத்திருப்பாரைக் கட்டிவைக்கும். மௌனத்தினும் இசை கொடிதாகும் இடம் ஒன்று உண்டென்பது இதனாற் பெறப்படும்.

தடை: காலத்தை மறப்பித்தல் நன்றேயன்றோ? துன்பத்தின் உணர்ச்சி குறையின் துன்பமும் குறைந்ததேயாம். டேவிட் மெய்ஸ்டர் என்னும் அறிஞர் 1985-ஆம் ஆண்டிற் காத்திருப்போர் மனவியல்பைப் பற்றி எழுதிய கட்டுரையில், செயலற்றுக் கழியும் பொழுது செயலோடு கழியும் பொழுதினும் நீண்டதாகத் தோன்றும் என்று காட்டவில்லையோ எனின்,

விடை: காட்டினார். ஆயின் அவர் அவ்வளவில் நிற்கவில்லை. எவ்வளவு என்று தெரியாத காத்திருப்பும், காரணம் கூறப்படாத காத்திருப்பும், முறை தவறிய காத்திருப்பும் அவையல்லாதவற்றினும் நீண்டனவாகத் தோன்றும் என்பதையும் உடன் கூறினார். இந்நான்கனுள் இசை தீர்க்கவல்லது முதல் ஒன்றையே. ஏனைய மூன்றற்கும் மருந்து உண்மை கூறலேயாம், ‘உமக்கு முன் மூவர் உளர், ஆறு நிமிடம் செல்லும், வந்த முறையே விடைகூறப்படும்’ என்பதே அம்மருந்து. மூன்றை விட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இரக்கம் என்று பெயரிடுதல் பொருந்தாது. நோயைத் தீர்க்குமுன் நோவு தணிய மயக்கமருந்து கொடுக்கும் மருத்துவன் இரக்கமுடையவன். மயக்கமருந்தையே நாடோறும் கொடுத்து நோயை வளரவிடுபவன் அவ்வாறு சொல்லப்படான். மேலும், காத்திருப்பார் இழப்பது காலத்தைப் பற்றிய உணர்ச்சியையன்று, காலத்தையே. ஆயுளில் அரைமணி கழிந்தமை, அது கால்மணியாகத் தோன்றியமையால் மீண்டு வாராது.

தடை: தாமதம் அலுவலகத்தார் கையில் இல்லாதது, எப்போது எத்தனை பேர் அழைப்பர் என்று யார் அறிவார் எனின்,

விடை: அறியலாம் என்று கணிதர் நூறாண்டுகட்கு முன்னரே காட்டினர். கோபன்ஹேகன் நகரத் தொலைபேசி நிறுவனத்திற் பணிசெய்த ஆக்னர் எர்லாங் என்பார் 1909-லும் 1917-லும் வெளியிட்ட கட்டுரைகளில், இன்ன அளவு அழைப்பு வருமாயின் இத்தனை பேர் விடைகூற வேண்டும், இல்லையேல் இவ்வளவு காத்திருக்க நேரும் எனக் கணக்கிடும் வழியை வகுத்தார். அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஓர் அலுவலகத்தில் ஒருவரே விடைகூறுகின்றார். ஓர் அழைப்புக்குச் சிலபோது கூடியும் சிலபோது குறைந்தும் சராசரியாக 3 நிமிடம் செல்கின்றது. அழைப்போர் தத்தமக்கு வேண்டியபோது அழைக்கின்றனர். காத்திருப்பார் எவரும் இடையில் விட்டுநீங்குவதில்லை எனக் கொள்வோம். மணிக்கு 12 அழைப்பு வருமாயின், சராசரிக் காத்திருப்பு நாலரை நிமிடம். மணிக்கு 18 வருமாயின் அது 27 நிமிடமாகும். அழைப்பு ஒன்றரை மடங்காகக் காத்திருப்பு ஆறு மடங்காதல் காண்க. அவ்விடத்து மற்றொருவரை உடன் அமர்த்தினால், அதே 18 அழைப்புக்கும் காத்திருப்பு 46 வினாடியாகச் சுருங்கிவிடும். எத்துணைச் சிறந்த இசையும் செய்யமாட்டாத ஒன்றை இரண்டாவது நாற்காலி செய்கின்றது. இக்கணக்கு வெளிப்படையாக இருக்கவும், ஆள் அமர்த்தும் செலவுக்கு அஞ்சி இசையை அமர்த்துவராயின், அவ்விசை காத்திருப்பார் பொருட்டு வைத்ததன்று, வைத்தவர் பொருட்டு வைத்ததேயாம்.

இவ்வுண்மையை அரசியலாரும் ஒருவாறு உணர்ந்துள்ளனர். ஜெர்மனி நாட்டில், நிமிடக் கணக்கிற் சிறப்புக் கட்டணம் பெறும் சேவை எண்களில், அழைத்தவர் காத்திருக்கும் பொழுதுக்கு அக்கட்டணம் பெறலாகாது என்னும் சட்டம் 2013-ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன், காத்திருப்பார் கேட்கும் இசைக்கு விலையும் அவரே கொடுக்கும் நிலை இருந்தது. காக்கவைத்தல் ஊதியமாகுமிடத்துக் காத்திருப்பு குறைய வழியில்லை என்பது சொல்லாமே விளங்கும்.

தடை: இவையெல்லாம் வேண்டுமென்று செய்வார்க்கன்றோ பொருந்தும்? பெட்டியை விற்றவர் வைத்த இசை அதுவாகவே ஒலிக்கின்றது. யாம் ஒன்றும் வைத்திலேம். வையாதவர்க்கு வினை யாது எனின்,

விடை: இத்தடை உலகில் மிகப் பரந்தது. சிஸ்கோ என்னும் நிறுவனத்தின் அலுவலகத் தொலைபேசிகளில், உரியவர் மாற்றாதவரை, ‘ஓபஸ் நம்பர் ஒன்று’ என்னும் இசை ஒலித்துவந்தது. அது டிம் கார்ல்டன், டாரிக் டீல் என்னும் இரண்டு இளைஞர் 1989-ஆம் ஆண்டில் தம் இல்லத்துக் காரறையிற் பதிவுசெய்தது. பின்னர் அவருள் ஒருவர் அந்நிறுவனத்திற் பணிக்கு அமர்ந்தமையால் அத்தொலைபேசிகளுள் இடம்பெற்றது. விளையாட்டாய்ச் செய்த சிறுபிள்ளைகளின் மெட்டு, அவர் முகமறியாத எண்ணிறந்தோர் செவியிற் சென்று ஒலித்தது. அதனை அவர் செவிக்கென்று தேர்ந்தவர் எந்த அலுவலகத்திலும் இலர். மாற்றாது விட்டவரே உளர். கருவி சடம், சடத்துக்கு வினையில்லை. ஆயின் சடத்தைத் தன் வாயிலில் நிறுத்தி, ‘வருவாரை எதிர்கொள்க’ என்று ஏவியவன் சித்து. செய்தலே வினையன்று, செய்யத்தக்கதைச் செய்யாது விடுதலும் வினையே. வாயிற்காவலன் விருந்தினரை எவ்வாறு நடத்துகின்றான் என்று ஒருநாளும் வினவாத தலைவன், ‘யான் ஒன்றும் சொல்லவில்லையே’ என்று கூறித் தப்பமாட்டான்.

தடை: இறைவனும் உயிர்களைக் காக்கவைக்கின்றான் அல்லனோ? திரோதான சத்தியால் தன்னை மறைத்து, உலக நுகர்ச்சிகளைக் காட்டி, மலபரிபாகம் வருங்காறும் உயிரை அவற்றில் ஈடுபடச் செய்கின்றான். அம்மறைத்தலும் அருளே என்பது சித்தாந்தம். அங்ஙனமாக, விடைகூறுங்காறும் தன்னை மறைத்து இசை காட்டி நிற்கும் அலுவலகத்தை மட்டும் பழித்தல் யாங்ஙனம் எனின்,

விடை: இத்தடை நுட்பமுடையது, விடை தெரியின் நம் வினாவுக்கு முடிவும் தெரியும். வேறுபாடு மூன்று. இறைவன் மறைப்பது மறைக்கப்படும் உயிரின் பக்குவத்தின் பொருட்டு; தன் பொருட்டன்று. அலுவலகம் மறைப்பது தன் குறையை. காத்திருந்தமையால் அழைத்தவர்க்கு யாதொரு பக்குவமும் விளைவதில்லை; சலிப்பே விளையும். இறைவனுக்கு ஆள் போதாமையால் தாமதம் உண்டாவதில்லை. தாமதம் உயிரின் நிலைபற்றியது. அலுவலகத்தின் தாமதமோ தன் போதாமை பற்றியது. இவ்விரண்டினும் சிறந்தது மூன்றாவது. உயிர் காத்திருக்குங்கால் இறைவன் வேறோரிடத்தில் இலன். அறியப்படாதவனாயினும் உயிரோடு உடனாய் நின்று, அது நுகர்வனவற்றை நுகர்வித்து நிற்கின்றான். தொலைபேசியிற் காத்திருப்பவரோடு உடனிருப்பார் எவருமிலர். எனவே ஈண்டு மறைப்பு உண்டு, உடனாதல் இல்லை. உடனாதலின்றி மறைத்தல் கைவிடுதலேயாம்.

ஆயின் இவ்விடையிலேயே ஒரு வழியும் புலனாகின்றது. மக்கள் இறைவனைப்போல் எல்லாரோடும் எப்போதும் உடனாதல் இயலாது. சிறிதளவேனும் உடனாதல் இயலும். ‘ஏட்டைப் பார்த்து வருகின்றேன், இரண்டு நிமிடம் காத்திருக்கின்றீரா, அல்லது யானே அழைக்கட்டுமா’ என்று உத்தரவு பெற்றுப் பொத்தானை அழுத்துபவர், அழைத்தவரோடு அவ்விரண்டு நிமிடமும் ஒருவாறு உடனிருக்கின்றார். இரண்டு நிமிடம் நான்காகுமாயின், இடையில் ஒருமுறை மீண்டுவந்து, ‘இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றேன்’ என்பவர் அவ்வுடனிருப்பைப் புதுப்பிக்கின்றார். அவ்விடத்து ஒலிக்கும் இசை குற்றமுடையதன்று. மாறாக, ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது’ என்று பதிவுசெய்த ஒரு குரலை அரைமணி நேரத்தில் முப்பது முறை கூறுவித்தல் வாய்மைக்கு முரணாம். முக்கியமாயின் முப்பது முறை சொல்லவேண்டுவதில்லை, ஒருமுறை எடுத்திருப்பர்.

சிறப்புவினாவின் ஆராய்ச்சி

இனித் திருப்பதிகத்தைக் காத்திருப்பிசையாக வைத்தலைக் காண்போம். வைக்கவேண்டும் என்பார் கூற்று இது: ‘வீணே கழியும் பொழுது சிவநாமம் கேட்கும் பொழுதாகின்றது. விரும்பிக் கேளாராயினும் பயன் உண்டு. திருமறைக்காட்டில் நெய்யுண்ண வந்த எலி, தான் அறியாமலே திருவிளக்கின் திரியைத் தூண்டி, அப்புண்ணியத்தால் மறுபிறவியில் மாவலியாய்ப் பிறந்தது என்பது புராணம். அறியாது செய்ததற்கே அத்துணைப் பயனாயின், அறியாது கேட்டதற்கும் பயன் உண்டன்றோ?’

இவர் தம் அன்பு போற்றத்தக்கது. ஆயினும் எலியின் கதை இவர்க்குத் துணைசெய்யாது. அறியாது செய்த சிவபுண்ணியத்துக்குப் பயனுண்டு என்பது எலியின் பக்கத்து நின்று கூறியது. திருவிளக்குப் பணியாளரின் பக்கத்து நின்று கூறியதன்று. எலி தூண்டிப் பயன்பெற்றதே என்று திரி தூண்டும் பணியை எலிக்கு விட்டுவிடலாமோ? அழைப்பவர் தற்செயலாய்க் கேட்டுப் பயன்பெறுவராயின் அஃது இறைவன் திருவருள். வைக்கின்றவர் நோக்கவேண்டுவது, தாம் வைக்கும் முறை திருமுறைக்குத் தக்கதா என்பதேயாம்.

தக்கதன்று என்பதற்கு ஏதுக்கள் நான்கு கூறுவோம்.

முதலாவது, அறுபடல். திருமுறை ஓதுவார் திருச்சிற்றம்பலம் என்று தொடங்கித் திருச்சிற்றம்பலம் என்று நிறைவுசெய்வர். தொடக்கமும் நிறைவும் உடையதே ஓதல். காத்திருப்பிசையோ, விடைகூறுவார் ஓய்வானவுடன் எவ்விடத்தில் நிற்கின்றதோ அவ்விடத்தில் அறுபடும். இடையிற் சேர்க்கும் முறையில் வைத்திருப்பின் தொடக்கமும் இல்லை. தமிழில் வினைமுற்றும் எதிர்மறையும் தொடரின் இறுதியில் வருவன. ‘உமக்கு அழிவு இல்லை’ என்னும் தொடர் ‘அழிவு’ என்பதோடு அறுபடின், கேட்டார்க்கு எஞ்சுவது யாது? மந்திரமாகக் கொள்ளப்படும் பாட்டை இவ்வாறு அறுபடுமென்று தெரிந்தே வைத்தல் தகாது.

இரண்டாவது, சிதைவு. பண்ணோடு பொருந்தப் பாடுதல் இன்றியமையாதது என்று ஓதுவார்மூர்த்திகள் பல்லாண்டு பயில்வர். அவர் சுருதியின் அடியை அறுத்து, நுண்மையை நீக்கி, இரைச்சலென்று அடக்கி அனுப்பும் கருவியின் இயல்பை மேலே கூறினோம். ‘பொருளுணர்ச்சிக்குச் சொல் போதுமே’ எனின், சொல்லும் அவ்விணைப்பிற் பலகாற் குழறும்.

மூன்றாவது, வெறுப்போடு சேர்தல். உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. ஒன்றைக் கேட்குங்கால் மனம் எந்நிலையில் இருந்ததோ அந்நிலை அவ்வொலியோடு ஒட்டிக்கொள்ளும். மருந்து வந்ததா என்று கேட்க மருந்துக்கடைக்கு அழைத்தவர், நிறுத்தப்பட்ட உதவித்தொகையைப் பற்றிக் கேட்க அலுவலகத்துக்கு அழைத்த முதியவர், சினத்தோடும் அச்சத்தோடும் அரைமணி காத்திருக்கும்போது கேட்ட பதிகத்தைப் பின்னர்த் திருக்கோயிலிற் கேட்பின், அவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது யாது? சிவநாமத்தைச் சலிப்போடு கட்டுவிக்கும் பொறுப்பை வைத்தவரே ஏற்கவேண்டிவரும். அழைப்பவருட் பிறசமயத்தாரும் உளர் என்பதையும் நோக்குக. கண்ணுக்கு இமை உண்டு, செவிக்கு மூடி இல்லை. வைத்துவிடின் வரிசையில் இடம் போகும். அகல இயலாதவரிடத்துப் புகுத்துவது அன்பின் நெறியன்று.

நான்காவது, உரிமை. திருமுறை எல்லார்க்கும் உரியது. அதனைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு அவ்வாறன்று. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவொன்றன் உரிமை அது வெளியானபின் 60 ஆண்டு நிற்கும். விலைகொடுத்து வாங்கிய தட்டு வீட்டிற் கேட்டற்கு உரியதேயன்றி, உரியவர் இசைவின்றி அலுவலகத் தொலைபேசியில் எல்லார்க்கும் ஒலிப்பித்தற்கு உரியதன்று. பிறர் பொருளைக் கேளாது எடுத்துச் சிவபுண்ணியம் செய்வோம் என்றல் கூடாது.

தடை: அங்ஙனமாயின், திருக்கோயிற் கோபுரத்து ஒலிபெருக்கியில் திருமுறை ஒலிப்பதும் கேளாதார் செவியில் விழுவதன்றோ? அதனையும் விலக்குவீரோ எனின், அங்கே பாட்டு முற்றுப்பெறுகின்றது; அழைத்துவைத்துக் கட்டுப்படுத்திய செவி எதுவும் அங்கில்லை; நடந்து போவார் போகலாம்; தாமதம் ஒன்றை மறைத்தற்கு அது வைக்கப்படவும் இல்லை. ஒலியின் மிகுதி பற்றி அங்கும் ஆராயத்தக்கது உண்டாயினும் அது வேறு வினா, ஈண்டைக்கு வேண்டுவதன்று.

துணிபு

மேற்கூறியவற்றால் துணியப்படுவன இவை. காக்கவைத்தல் தன்னளவிற் குற்றமன்று; ஒருவர் இருவர்க்கு ஒரேபொழுதில் விடைகூறமாட்டார். குறைக்கத்தக்க காத்திருப்பைக் குறையாது விடுதலே குற்றம். இசையளித்தலும் தன்னளவிற் குற்றமன்று. உண்மையை அறிவிக்குமிடத்துக் குணமாய், உண்மையை மறைக்குமிடத்துக் குற்றமாய் நிற்கும்.

ஆதலின் அலுவலகம் நடத்துவோர் முதற்கண் எத்தனை அழைப்பு வருகின்றது, எத்தனை நிமிடம் செல்கின்றது என்று எண்ணி, வேண்டும் ஆளை அமர்த்துக. அது முடியாதவிடத்து, வரிசையில் இத்தனையாமவர் என்றும் ஏறத்தாழ இவ்வளவு நேரம் என்றும் அறிவிக்கும் வசதி அவ்வமைப்பிற் பெரும்பாலும் உண்டாதலின், அதனை இயக்குக. நெடுநேரம் ஆகுமாயின், எண்ணைக் குறித்துக்கொண்டு தாமே அழைப்பதாகக் கூறி, கூறியவாறே அழைக்க. இசை வைப்பதாயின், சொல்லில்லாததும் எவ்விடத்தில் நிற்பினும் குறைபடாததுமாகிய மெல்லிய ஒன்றை, பேச்சின் அளவினும் சற்றுத் தாழ்ந்த ஒலியில் வைக்க. கனத்த தாளத்தினும் தனி வீணையோ குழலோ அச்சிறு வாயிலிற் குறைந்த சிதைவோடு செல்லும். தம் பெருமையைக் கூறும் விளம்பரத்தைக் காத்திருப்பார் செவியிற் புகுத்தாதிருக்க. திருமுறையை வையாதிருக்க.

திருமடங்களும் திருக்கோயில்களும் இதனில் ஏனையோரினும் கருத்துடையனவாதல் வேண்டும். அங்கு அழைப்பார் பலர் பூசைக்காலத்தையும், தீக்கையின் நாளையும், அன்னதானத்துக்கு அனுப்பிய பொருள் வந்ததா என்பதையும் வினவும் எளியோர். மடத்து வாயிலில் வந்து நின்ற அடியவரைத் திண்ணையில் இருத்தி நீர் கொடுத்து, ‘சுவாமிகள் பூசையில் இருக்கின்றார்கள், ஒரு நாழிகை ஆகும்’ என்று சொல்லுதல் நம் பண்டை வழக்கு. தண்ணீர் கொடுத்ததும் நன்று, நாழிகை சொன்னதும் நன்று. தண்ணீரைக் கொடுத்து நாழிகையைச் சொல்லாது விடுதல் அவ்வழக்கன்று. தொலைபேசியின் வாயிலில் நிற்பவர் கண்ணுக்குத் தோன்றாமையால் அவர் நிற்கவில்லை என்றாகிவிடாது.

திங்களுக்கு ஒருமுறையேனும் அலுவலகத் தலைவர், தம் பெயரைக் கூறாது, வெளியிலிருந்து தம் அலுவலகத்துக்கே அழைத்து, பிறர் காத்திருக்கும் அளவும் காத்திருந்து கேட்பராயின், யாம் இத்துணை எழுதியதன் பெரும்பகுதி வேண்டாததாகும். இவ்வாராய்ச்சியில் யாம் காணாத தடைகளைக் கண்ட அறிஞர் எழுதியனுப்புவராயின், அடுத்த திங்களில் அவற்றையும் எடுத்துக்கொண்டு ஆராய்வேம்.